லேபைக் காட்டக் கூட்டிப் போனேன்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பையும் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தார். கணக்குப் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டால், டீச்சர் வேலை, பேங்க் வேலை என்று இரண்டைத்தான் சொல்ல எனக்குத் தெரியும். நானே வேறு எதையும் பார்த்ததில்லை. அதனால் வேலை நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு சர்வேயரை வரவழைத்துப் பள்ளி மைதானத்தை அளந்து காட்டச் சொன்னேன். அடுத்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். அங்கே தரம் பார்க்கும் லேப் ஒன்று உண்டு. பதினெட்டுப் பிள்ளைகளோடு போனோம்.

லேப் சின்ன அறை. ஏசி போட்டிருந்தார்கள், கண்ணாடிக் கதவு, சத்தமே இல்லை. லேபுக்குப் பொறுப்பானவர் ஐம்பது வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். ஆயிரக்கணக்கில் ஓடும் நூல்கண்டுகளில் பத்தை எடுத்து, நூலைக் குறிப்பிட்ட நீளத்துக்குச் சுற்றி, எடை போட்டு, சராசரி பார்த்து, சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறோம் என்றார். நான் கரும்பலகையில் வருடக்கணக்காக எழுதிய திட்டவிலக்கத்தை ஒருவர் நூலில் காட்டியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிள்ளைகளைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

மம்சாபுரத்துப் பிள்ளை ஒருத்தி பின்வரிசையில் நின்றாள். அப்பா தென்னந்தோப்பில் காய் வெட்டுகிறவர், அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர். வகுப்பில் அதிகம் வாய் திறக்க மாட்டாள். நான் ஒரு கணக்கை ஒரு வழியில் போட்டால், நோட்டில் அதை வேறு வழியில் போட்டு வைத்திருப்பாள்.

"சார், ஆயிரக்கணக்குல ஓடுதுன்னு சொன்னிய. பத்தே பத்து எடுத்துப் பாத்துட்டு எல்லாம் நல்லாருக்குன்னு எப்படிச் சொல்லுதிய?" என்று அவள் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "இதுக்குத்தாம்மா ஒரு படிப்பே இருக்கு. புள்ளியியல்னு. பத்து எடுத்தா எம்புட்டு நம்பலாம், நூறு எடுத்தா எம்புட்டு நம்பலாம், அதையும் கணக்குப் போட்டே சொல்லிருவாங்க."

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். விசாரித்துச் சொன்னேன். மதுரையில் ஒரு கல்லூரியில் இருந்தது. பரீட்சை முடிந்ததும் நானே அவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் கடைசியில் லேப்காரர் போன் செய்தார். "அன்னைக்குக் கேள்வி கேட்ட பிள்ளை நம்பர் இருக்கா டீச்சர்? லேபுல ஒரு ஆள் வேணும்." லீவு மாதங்கள் இரண்டிலும் அங்கே இருந்தால் கல்லூரிக்குப் போகும்முன் கையால் தொட்டுப் பழகிக்கொள்வாளே என்று நினைத்தேன். அவள் அப்பாவின் நம்பரைக் கொடுத்தேன். வேறு யாரையும் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை.

ஜூனில் கல்லூரியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. அதைச் சொல்ல மம்சாபுரம் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"மதுரையில கொண்டுபோய் விட்டுட்டு நான் இங்க எப்படி டீச்சர் நிம்மதியா இருப்பேன்? மில்லு வேன் வாசல்ல வந்து கூட்டிட்டுப் போவுது, வாசல்லயே கொண்டாந்து விடுது. நீங்க காட்டிக் கொடுத்த எடந்தான?"

"நான் படிக்கிறதுக்காகக் காட்டுனேன்."

"வேலைக்குன்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போனிய? வேல கெடச்சிருச்சு. பொறவு எதுக்கு மூணு வருசம்?"

அம்மா காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்தேன். தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் நாலைந்து வந்தன. திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. லேபில்தானே இருக்கிறாள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவள் லேபில் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடை ஒன்றில் அவளைப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினாள்.

"இந்தப் பக்கம் வாங்க டீச்சர். அந்தக் காது கொஞ்சம் மந்தம்."

முதல் வாரத்திலேயே லேபில் இப்போதைக்கு இடமில்லை என்று சொல்லி மிஷினுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஓடும் மிஷினோடு கூடவே நடந்து, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே போகும் வேலை. எட்டு மணி நேரமும் நடை, எட்டு மணி நேரமும் இரைச்சல். ஆறு மாதத்தில் லேப்காரரும் மில்லை விட்டுப் போய்விட்டார். இருமலுக்கு மருந்து வாங்கத்தான் அன்று வந்திருந்தாள்.

"மதியம் ரெண்டு மணிக்கு மேல இழை கூடுதலா அறுந்துச்சு டீச்சர். நாலு மாசம் எழுதிப் பாத்தேன். எல்லா மிஷின்லயும் இல்ல, ஜன்னல் பக்கத்துல இருக்க ஆறுலதான். அங்க வெயில் விழுந்து காத்துல ஈரம் கொறையுது, காஞ்ச இழை அறுந்துருது. நோட்டக் கொண்டுபோய்ச் சூப்பர்வைசர்ட்ட காட்டுனேன்."

"என்ன சொன்னார்?"

"எழுத நேரம் இருக்குன்னா ஒனக்கு மிஷின் பத்தலன்னு இன்னும் ஒண்ணு சேத்துக் கொடுத்தாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அவள் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. நான் நம்பர் கொடுத்ததைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். "தெரியும் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பின் என்னால் முடிந்ததைச் செய்தேன். அவள் சான்றிதழ்களை வேலைக்குச் சேரும்போதே மில்லில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று முறை போய் நின்ற பிறகுதான் கொடுத்தார்கள். தபால்வழியில் கணக்குப் பட்டப்படிப்புக்குச் சேர்த்துவிட்டேன். புள்ளியியல் தபால்வழியில் எங்கும் கிடைக்கவில்லை. முதல் வருடம் இரண்டு பேப்பர்தான் எழுத முடிந்தது. மற்ற நாட்களில் ஷிப்டு மாற்றிக் கொடுக்கவில்லை. எழுதிய இரண்டில் ஒன்றில் பாஸ். அடுத்த தை மாதம் அவளைத் தளவாய்புரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அப்பா என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, "எம் பொண்ணுக்கு வேல வாங்கிக் கொடுத்த டீச்சர்" என்று சம்பந்தி வீட்டாரிடம் அறிமுகப்படுத்தினார்.

இப்போது அவள் வீட்டில் இருந்தே நைட்டி தைக்கிறாள். சென்ற வருடம் பஸ் ஸ்டாண்டில், இடுப்பில் குழந்தையோடு நின்றவளைப் பார்த்தேன். நல்ல காது இருக்கும் பக்கம் போய் நின்றேன். படிப்பைத் தொடரலாமே என்று ஆரம்பித்தேன். கையால் வேண்டாம் என்றாள்.

"இன்னமும் பிள்ளைகள மில்லுக்குக் கூட்டிட்டுப் போறியளா டீச்சர்?"

"விட்டுட்டேன். அதுக்குப் பொறவு மனசு வரல."

"போங்க. ஆனா லேபோட திரும்பிராதிய. உள்ள மிஷின் ஓடுற எடத்தையும் காட்டுங்க. செத்த நேரம் அவிய அங்க நிக்கட்டும்."

தளவாய்புரம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அந்த டிசம்பரில் மில்லுக்குக் கடிதம் எழுதினேன். லேபை மட்டுமல்ல, மிஷின் ஓடும் இடத்தையும் மாணவிகள் அரைமணி நேரம் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தேன். லேப் வரை தாராளமாக வரலாம், பாதுகாப்புக் காரணமாக உள்ளே அனுமதி இல்லை என்று பதில் வந்தது. தலைமையாசிரியை, "லேபையாவது பாத்துட்டு வாங்களேன், பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். அந்த வருடம் எங்கும் போகவில்லை. எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். பரீட்சை முடிந்த மறுவாரமே அந்த மில் வேன் மூன்று பேரை ஏற்றிப் போனது. அவர்கள் யார் வழியாகப் போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.