ஒட்டில் போன தீவு

என் மகள் வரைந்த ஒரு தீவை நான் அழித்தேன். தெரிந்தேதான் அழித்தேன். பிறகு பழியை ஸ்கேனர் மீது போட்டேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் கடைசிவரை அவளைப் பற்றிய பெருமையையே பேசி, இதைச் சொல்லாமல் எழுந்து போய்விடுவேன்... என்னை எனக்குத் தெரியும்.

திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் கம்பெனியில், டிசைன் பிரிவில் இருபது வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் படத்தைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்து, நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். துணியில் நிற்காத மெல்லிய கோடு, ஒட்டாத புள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் பையரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? எடுத்துவிட்டு அப்ரூவலுக்கு அனுப்புவோம். அவர் கண்ணில் படவில்லை என்றால் சரி என்றுதான் பொருள். எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான்.

அந்த வழக்கத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

மகள் பெயர் தாரணி. இப்போது ப்ளஸ் டூ. எட்டு வயதிலிருந்து, எங்குமே இல்லாத நாடுகளுக்கு வரைபடம் வரைகிறாள். மலை என்றால் வெறும் முக்கோணம் போடமாட்டாள். வெயில் படாத பக்கத்துக்கு நிழல் கொடுப்பாள். ஆறுகள் சரியான உயரத்தில் பிறந்து சரியான பள்ளத்தில் இறங்கும். ஒரு காட்டில் மரங்களை எண்ணத் தொடங்கி, முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அத்தனையும் இங்க் பேனாவில்! என் வயிற்றில் பிறந்த பிள்ளையா என்று எத்தனை முறை வியந்திருப்பேன்...

சென்ற வருடம், சிறுவர்களுக்கு மாயக்கதை எழுதும் ஒரு எழுத்தாளர், பள்ளித் தமிழாசிரியை மூலம் அவள் வரைபடத்தைப் பார்த்தார். தன் புத்தகத்தின் உள்பக்கத்துக்கு வேண்டும் என்று கேட்டார். வண்ணத்தில் வேண்டுமாம்.

"கலர் நீங்கதாம்மா பண்ணோணும். வேற ஆரு கைலயும் குடுக்க மாட்டேன்" என்றாள் தாரணி.

இதன் அருமை உங்களுக்குப் புரிகிறதா? என் மகள் எனக்கு வேலை கொடுத்தாள்!

முழு சார்ட் தாள் எங்கள் ஸ்கேனரில் அடங்காது. ஆறு துண்டாக ஸ்கேன் செய்து கணினியில் ஒட்டினேன். மலைகளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. காட்டுக்கு நான்கு பச்சைகள். கடைசியாகக் கடலுக்கு வந்தேன்.

தென்மேற்கு மூலையில், புளியங்கொட்டை அளவில் ஒரு தீவு. பெரிதாக்கிப் பார்த்தேன். கரைக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு பெட்டி, கணினித் திரைபோல. கொண்டையில் செருகிய பென்சில். கீழே எறும்பு எழுத்தில், 'இவள் திரும்பிப் பார்ப்பதில்லை.'

என் கை தலைக்குப் போயிற்று. பென்சில் அங்கேதான் இருந்தது.

ஷிப்மென்ட் நெருங்கும் காலத்தில் வீட்டிலும் வேலை ஓடும். தாரணி வரைந்ததை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். "ஒரு நிமிசம் கண்ணு" என்பேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எத்தனை ஒரு நிமிடங்கள்! அவள் எப்போது திரும்பிப் போனாள் என்றுகூடத் தெரியாது.

கோபமா எனக்கு? இல்லை. வெட்கம். புத்தகத்தில் வரைபடம் தாரணி, வண்ணம் நான் என்று இரண்டு பெயரும் வரும். சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், கம்பெனியில் பார்ப்பார்கள். அந்தப் பெண் யார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்தான். எனக்குத் தெரியுமே...

பக்கத்தில் இருந்த கடலை நகலெடுத்து அந்தத் தீவின் மீது பரப்பினேன். தாரணியின் அலைக்கோடுகளைப் போலவே அலைகள் வரைந்தேன். எந்த அலை அவளுடையது, எந்த அலை என்னுடையது என்று அவளாலேயே சொல்ல முடியாது. இதைச் சொல்லும்போதும் எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்க்கிறது. எப்படிப்பட்ட மனம் இது!

படத்தை அவள் செல்போனுக்கு அனுப்பினேன். உள்ளங்கை அளவுத் திரை. "சூப்பர்மா!" என்று பதில் வந்தது. அப்ரூவல் கிடைத்துவிட்டது.

புத்தகம் வந்த அன்று, அவள் விரல் நேராக அந்த மூலைக்குத்தான் போயிற்று.

"ஏம்மா, இங்க ஒரு தீவு இருந்துச்சுங்களே?"

"ஆறு துண்டா ஒட்டுனனே கண்ணு... ஒட்டுல போயிருக்கும்."

என்னைப் பார்த்தாள். சற்று நேரம் கூடுதலாகப் பார்த்தாளோ? "ஸ்கேனரு முழுங்கிருச்சா!" என்று சிரித்துவிட்டாள்.

சென்ற மாதம் புத்தக வெளியீடு. மேடையில் என் மகள்! தயங்காமல் பேசினாள். "என்னோட ஒரு தீவை ஸ்கேனர் சாப்பிட்டுருச்சு" என்றதும் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். "ஆனா கலரைப் பாருங்க. அது எங்கம்மா. எந்திரிச்சு நில்லுங்கம்மா!"

எழுந்து நின்றேன். கைதட்டினார்கள். அவ்வளவு பெருமையும் அவ்வளவு கூச்சமும் ஒரே உடம்பில் எப்படி நின்றன என்று தெரியவில்லை.

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் சுப்பிரமணி வந்திருந்தார். வரைபடத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஏனுங்கக்கா, கடலுல ஒரு தழும்பு இல்லீங்களே! நம்ம கம்பெனிக்கு என்னைக்காச்சும் இப்படிப் பண்ணிக் குடுத்திருக்கீங்களா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது புத்தகத்துக்கான வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். முதலாவதைவிடப் பத்து மடங்கு நன்றாக இருந்தது. ஆனால் நாட்டின் குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று என்று மூன்று வெற்றுப் பட்டைகள். ஊரில்லை, மரமில்லை. ஆறுகள்கூட அவற்றுக்கு முன்பே ஏரியாகத் தேங்கிவிட்டன.

"இதென்ன கண்ணு, இங்கெல்லாம் ஒண்ணுமே இல்ல?"

"ஒட்டு அங்கதானுங்களே வரும். ஸ்கேனர்க் கண்ணாடியை ஸ்கேல் வெச்சு அளந்துட்டேன். அதான் ஆரையும் குடி வெக்கல. காணாமப் போயிருவாங்கள்ல, பாவம்." பிறகு உற்சாகமாக, "பேரு கூட வெச்சிருக்கேம்மா. விடுபடும் வெளி. ரைட்டர் அதைக் கதையிலயே சேத்திக்கிறாங்களாம்!"

நான் சொன்ன ஒரு பொய்யைச் சுற்றி, என் மகள் ஒரு நாட்டையே வளைத்திருக்கிறாள்.

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "அருமையா இருக்குது கண்ணு" என்றுதான் வந்தது. அதுவும் உண்மைதான். அதுதான் கொடுமை.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போன பிறகு பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கடல் முழுவதும் தேடினேன். அந்தப் பெண் எங்கும் இல்லை. தாரணி என்னை மன்னித்துவிட்டாளா, மறந்துவிட்டாளா, அல்லது என் கையில் கொடுக்கும் தாளில் அவளை வரையக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாளா? யாரிடம் கேட்பேன்? கேட்டால் முதலில் நான் அல்லவா சொல்ல வேண்டும்...

ஆறு துண்டுகளையும் இன்று காலை ஒட்டினேன். இருபது வருட அனுபவம். ஒட்டில் ஒரு மயிரிழைகூட விடுபடவில்லை. அந்த மூன்று பட்டைகளிலும் அவள் எத்தனை ஊர்களை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், எல்லோரும் பத்திரமாக இருந்திருப்பார்கள்.

அவற்றுக்கு இப்போது மணல் நிறம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.