வேதப் புத்தகங்களுக்குத் தூசி தட்டினவள்

பழைய கிறிஸ்தவ வேதப் புத்தகம் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் வருவது பக்தி இல்லை, தும்மல். வீடு துடைத்து, கடை துடைத்துப் பிழைக்கிற என் சகோதரங்களே, உங்களுக்கு இது விளங்கும். நான் மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்தவள். பல்லரோச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிற ஒரு இத்தாலிய அம்மாவின் கடையில் ஆறு வருசமாக வேலை. நானூறு வருசத்துக்கு முந்தி அச்சடித்த ஜெபப் புத்தகங்களும் பிரசங்கங்களும்தான் சரக்கு.

கறுத்துப்போன பக்கம்

சேர்ந்த முதல் கிழமை. தோல் அட்டை போட்ட பிரசங்கப் புத்தகமொன்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விரித்தால், ஏழெட்டு வரி முழுக்க மை! ஈரம் ஊறித்தான் இப்படியாகிவிட்டது என்று பயந்துபோனேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க இந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன். ஆனாலும் ஒளிக்க மனம் வரவில்லை. அழுதபடி கொண்டுபோய் சிஞ்ஞோராவின் மேசையில் வைத்தேன்.

அவர் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். அந்தக் காலத்தில் திருச்சபைக்குப் பிடிக்காத வரிகளை, அதற்கென்று வைத்த ஆட்கள் பேனாவால் அடித்துவிடுவார்களாம். என் கையிலிருந்த ஈரத்துணியை மெல்ல வாங்கிக்கொண்டு சொன்னார்:

“இது உனக்கு முந்தி வேலை செய்தவரின்ர கைவரிசை, ரெஜினா. ஆள் செத்து நானூறு வருசம்.”

யன்னலடிச் சுவாமியார்

மாதமொருக்கால் பக்கத்துத் தேவாலயத்தின் வயதான இத்தாலியச் சுவாமியார் ஒருவர் வருவார். அடித்த வரியுள்ள புத்தகம்தான் கேட்பார். அடித்த மை நாட்பட்டுப் பழுப்பாகிவிடும், அச்செழுத்து கறுப்பாகவே நிற்கும். யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் வாசிக்கலாம்.

ஒருநாள் அரை மணித்தியாலம் மினக்கெட்டு ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். திருச்சபையை விட்டுப் பிரிந்துபோன வேறு சபைக்காரர் ஒருவரின் பெயருக்கு முன்னால் இருந்த “மகா கெட்டிக்காரர்” என்ற பட்டம்! பெயரை விட்டுவிட்டுப் புகழை மட்டும் அடித்திருந்தார்கள். சுவாமியார் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

“எங்கட பங்குச் சபைக் கூட்டத்திலையும் இதுதான் நடக்குது, பிள்ளை.”

அட்டைக்குள் கிடந்தது

போன வருசம் ஒரு புத்தகத்தின் அட்டை கழன்றது. அந்தக் காலத்தில் கழிவுத்தாள்களை ஒட்டித்தான் அட்டையைத் தடிப்பாக்குவார்கள். அதில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, எந்த நாட்டு எழுத்தோ என்று சிஞ்ஞோரா தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கோப்பியோடு போன நான் எட்டிப் பார்த்தேன். முதலில் பிடிபடவில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ச... ரு... வே... சு... சருவேசுரன்! எங்கள் பழைய ஜெபங்களில் கடவுளைக் கூப்பிடுகிற பெயர்.

“சிஞ்ஞோரா, இது தமிழ்! என்ர பாஷை!” என்று கத்தியே விட்டேன். கடல் தாண்டிப் போன பாதிரிமார் அங்கே அச்சடித்து இங்கே அனுப்பின தாளாக இருக்கும் என்றார் அவர். மிச்ச வரிகளையும் வாசித்தேன். ஒருவரையும் இருக்க விடாத தன் கதிரையிலிருந்து சிஞ்ஞோரா எழும்பினார்.

“நீ இரு. இண்டைக்குக் கோப்பி நான் போடுறன்.”

ஞாயிற்றுக்கிழமைச் சனம்

செய்தி தமிழ்ப் பூசைக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு முப்பது பேர் கடைக்குள். கண்ணாடிக்குக் கீழே வைத்த துண்டைச் சுற்றி நெருக்கியடித்து, முன்னுக்கு நின்றவரின் தலைக்கு மேலால் எட்டி எட்டி ஒரே குரலில் வாசித்தார்கள், சொல்லுக்குச் சொல் சண்டையும் பிடித்தார்கள். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. சிஞ்ஞோராவோ கலியாண வீட்டுக்காரி போல நின்றார்.

அப்போது போர்கோ வெக்கியோவில் இருக்கிற பிலோமினா அக்கா கண்ணாடியில் விரலை ஊன்றினார்.

“பாருங்கோ, ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்லை! இப்பிடி எழுதினதுக்குத்தானே என்ர மகளுக்குத் தமிழ் ரீச்சர் பத்துக்கு ரெண்டு போட்டவ!”

இவ்வளவு துடைத்ததில் நான் கண்டது, வேதப் புத்தகம் வாசிக்க ஆள் வரும்வரை எத்தனை நூறு வருசமும் பொறுத்திருக்கும், வாசிக்க வந்த எங்கள் சனம் முன்னுக்கு நிற்கிறவரின் தலை விலகும்வரைகூடப் பொறுக்காது.