எட்டுப் பேருக்கும் ஒரே ஜெராக்ஸ்

கல்லூரி கடைசி வருடத்தில் இரண்டு கம்பெனிகள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் கவிழ்ந்தேன், குரூப் டிஸ்கஷனில். எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொல்வார்கள். நான் மனசுக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் மற்ற ஏழு பேரும் பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது கம்பெனி வரும் நேரத்தில் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா பேசாம அத்தை கடைக்குப் போயிடு. கூடுவாஞ்சேரிதான, ரயில்ல ஏறுனா அரை மணி நேரம்."

அத்தையின் கடை டைல்ஸ் கடை. நாள் முழுக்க டைல்ஸைத் துடைத்துக் காட்டி, "இது வழுக்காது மேடம்" என்று சொல்லும் வேலை. அத்தைக்கு என் மேல் பாசம் அதிகம். ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார்.

எங்கள் பயிற்சி சார் எல்லாருக்கும் ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருந்தார். முப்பது ஆங்கிலச் சொற்றொடர்கள், பக்கத்திலேயே தமிழில் அர்த்தம். "இதுல ஒரு அஞ்சையாவது நடுவுல சொருகிடுங்க, செலக்‌ஷன் கேரண்டி" என்றார். செங்கல்பட்டிலிருந்து படூர் போகும் காலேஜ் பஸ்ஸில் நானும் என் தோழியும் அதை வேதம் மாதிரி ஓதினோம். 'பிரேக் தி ஐஸ்' என்றால் தயக்கத்தை உடைத்துப் பேச்சைத் தொடங்குவது. 'டிப் ஆஃப் தி ஐஸ்பெர்க்' என்றால் வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே கிடப்பது ஏராளம். 'எலிஃபன்ட் இன் தி ரூம்' என்றால் எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத பிரச்சினை.

"வெயில்ல வேகுற ஊர்ல எதுக்குடி இவ்ளோ ஐஸ்?" என்றேன்.

"வெள்ளக்காரன் ஊரு குளிரு. அவனுக்கு ஐஸுதான் வரும். நம்மாளு எழுதியிருந்தா போர்வெல்லு, மோட்டருன்னு வெச்சிருப்பான். மூடிகினு படி."

அந்த நாளும் வந்தது. ஏசி அறை, எட்டு நாற்காலி, எதிரே கம்பெனியிலிருந்து வந்த ஒரு மேடம். தலைப்பு: ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரத்துக்குள் வெளி வண்டிகளை விடலாமா?

முதல் பையன் ஐஸை உடைத்தான். மேடம் லேசாகச் சிரித்தார். இரண்டாவது பெண் அறைக்குள் யானையைக் கொண்டுவந்தாள். மூன்றாவது ஆள் பனிப்பாறையின் நுனியைக் காட்டினான். நான்காவது ஆளிடம் சரக்கு இல்லை போல, உடைத்த ஐஸையே மறுபடி உடைத்தான். ஐந்தாவது ஆள் இரண்டாவது பனிப்பாறையோடு வந்தான். ஆறாவது என் தோழி. என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இன்னொரு யானையை உள்ளே விட்டாள். வண்டியை விடலாமா கூடாதா என்று அதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

ஏழாவது நான். வாயைத் திறந்தேன், மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க எல்லாருக்கும் ஒரே சாரா?" தமிழிலேயே கேட்டார்.

எட்டுத் தலைகளும் ஆடின.

"ஐஸ், யானை ரெண்டும் வெளிய போகட்டும். தமிழ்லயே பேசுங்க. இங்கிலீஷ நாங்க சொல்லிக் கொடுத்துக்கறோம். யோசிக்கிறீங்களான்னு மட்டும் பாக்கணும்."

அத்தையின் கடை கண்ணில் வந்து நின்றது. பேசிவிட்டேன். "விடக் கூடாது மேடம். போன வாரம் பைபாஸ்ல இருந்து பீச்சுக்கு வர ஒரு மணி நேரம். நடந்திருந்தா முன்னாடியே வந்திருப்போம்."

தோழி சீறினாள். அவள் அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். "ஞாயித்துக்கெழமதான் அவனுக்கு சவாரியே. வயசானவங்கள வெயில்ல நடக்க வைப்பியா?"

"ஊருக்கு வெளிய வேன நிறுத்திட்டு ஷேர் ஆட்டோ வுடு."

"யாரு ஓட்டுவா, உங்கப்பாவா?"

"உங்கண்ணன ஓட்டச் சொல்லு. ஒரு நாளைக்குப் பத்து நடை வரும்."

"வேன் ஓட்டுன கைடி அது! ஆட்டோ புடிக்குமா?"

ஐஸ் உடைத்த முதல் பையன் குறுக்கே புகுந்தான். "மீன் ஏத்த வர்ற வண்டிய இன்னா பண்ணுவ? அதுவும் வெளி வண்டிதான?"

"காலைல எட்டு மணிக்குள்ள வந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"மீனு உன் கடிகாரத்தப் பாத்தா மாட்டுது?"

மேடம் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்து ஒரு நேர்காணலும் முடிந்து, சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். நான், தோழி, மீன் வண்டிப் பையன். பயிற்சி சார் ஓடிவந்து எங்கள் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால் அப்பா போனில் அத்தையிடம் கத்திக்கொண்டிருந்தார். "என் பொண்ணு இங்கிலீஷ்ல பிச்சு ஒதறிட்டா!" அப்புறம் போனை என்னிடம் நீட்டினார். "அத்தைக்கு ரெண்டு வரி பேசிக் காட்டு."

"அத்தை, கம்பெனில மொத மூணு மாசம் இங்கிலீஷத்தான் சொல்லித் தரப் போறாங்க" என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அப்போ கடைக்கு வர மாட்ட?"

"மாட்டேன் அத்தை."

"சனி, ஞாயிறு லீவுதான உங்களுக்கு?" என்றார் அத்தை.