அட்டெண்ட் என்றால் காத்திருப்பது

டியூஷன் மிஸ் வேலையில் நாள் முழுக்கப் பேசலாம். வகுப்பு முடிந்ததும் கேட்க ஆள் இருக்காது. முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் இங்கிலீஷும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுக்கிறேன். தனியாக இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகிய கதைதான்.

வருகைப் பதிவு

பிள்ளைச்சாவடியிலிருந்து என்னிடம் படிக்க வரும் கலைவாணிக்கு ஜவுளிக்கடையில் வேலை. 'அட்டெண்ட்' என்றால் இங்கிலீஷில் போய்க் கலந்துகொள்வது, அதே மாதிரி எழுதுகிற பிரெஞ்சுச் சொல்லுக்கு மட்டும் ஏன் காத்திருப்பது என்று அர்த்தம் எனக் கேட்டாள். லத்தீனில் அது ஒன்றை நோக்கி நீட்டுவது. மனசை நீட்டினால் கவனிப்பது. வரப்போகிறவரை நோக்கி நீட்டிய பிரெஞ்சுக்காரர்களுக்குக் காத்திருப்பது ஆயிற்று. இங்கிலீஷுக்குப் போனதும் கூட இருந்து கவனிப்பது, கலந்துகொள்வது என்று மாறிவிட்டது என்றேன்.

அன்றைக்கு வந்தது அவள் ஒருத்திதான். காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்படிப் பார்த்தா இன்னிக்கு அட்டெண்டன்ஸ் உங்களுக்குத்தான் மிஸ் போடணும்."

லண்டன் செய்தி

குருசுக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த பெரியம்மா ஒருவர் இருக்கிறார்; பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றுதான் கூப்பிடுவேன். பிரெஞ்சு படித்தவர், இங்கிலீஷ் வராது. இறந்துபோன கணவரின் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு லண்டனிலிருக்கும் மகனைக் கூப்பிட்டிருந்தார். அவன் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கிலீஷிலேயே ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அதில் 'அட்டெண்ட்' என்ற ஒரு சொல்தான் அவருக்குப் பிடிபட்டது.

"வரக் காத்திருக்கேன்னு எழுதியிருக்கான். என்னிக்கு வர்றான்னு மட்டும் படிச்சுச் சொல்லு" என்று போனை நீட்டினார். மகனுடைய அறையில் புதுப் படுக்கை விரிப்பு போட்டிருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். வேறு வழியில்லை. "மதாம், அவரால வர முடியலையாம்" என்றேன்.

போனை வாங்கி அந்தச் சொல்லை மறுபடி பார்த்தார். பிறகு, "பிரெஞ்சுல எழுதியிருந்தா வந்திருப்பான்" என்றார்.

பக்கத்துக் கட்டில்

பித்தப்பைக் கல்லுக்காகக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மறுநாள் ஆபரேஷனுக்குக் கொஞ்சம் முன்னால், "கூட இருக்கிற அட்டெண்டர் யாரும்மா?" என்று நர்ஸ் படிவத்தோடு வந்தார். அந்தச் சொல்லின் வரலாறு முழுக்கத் தெரிந்த எனக்கு, எழுத ஒரு பெயர் இல்லை. ஜன்னலைப் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்த வீராம்பட்டினத்து அம்மா, "எம் பேர எழுதிக்கோங்க" என்றார்.

"உறவு என்னன்னு போடறது?"

"நேத்து மத்தியானத்துலேருந்து பழக்கம்னு போடுங்க."

எந்தச் சொல்லுக்கும் லத்தீன் வரைக்கும் போய்ச் சொந்தம் தேடிக் கொடுத்துவிடுகிற எனக்கு, என் சொந்தத்துக்குப் பக்கத்துக் கட்டில் வரைக்கும்தான் போக முடிந்தது.