வேலிக்கு அந்தப் பக்கம்

கொரோனாக் கட்டுப்பாடுகள் முடிந்து, எல்லாம் வழமைக்குத் திரும்பிய காலம் அது. சுவிற்சர்லாந்தில், வில் என்ற நகரத்திலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில், மலைச்சரிவில் இருந்த ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். குடிக்கு அடிமையான ஆண்கள் மாதக்கணக்கில் தங்கியிருந்து மீள முயலும் இடம். நான் சைவக்காரி. திருநீறு பூசிக்கொண்டுதான் போவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அங்கே நாள் ஜெபத்தோடு தொடங்கும். பிறகு சிலர் மாட்டுக் கொட்டிலுக்குப் போவார்கள், சிலர் விறகு பிளப்பார்கள், இருவர் எனக்குக் காய் நறுக்கித் தருவார்கள். கைத்தொலைபேசி வைத்திருக்க முடியாது. ஞாயிறு மட்டும் இல்லத்துத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசலாம். மதுச்சத்து கலந்திருப்பதால் வனிலா எசன்ஸும் இருமல் மருந்தும்கூட அலுமாரியில் பூட்டியிருக்கும். அந்தப் பூட்டின் திறப்பு என்னிடம். இவ்வளவு அமைதியாக இருந்து சாப்பிடுகிற மனிதர்கள் அந்தச் சின்னப் போத்தலுக்காக என்ன செய்வார்களோ என்று ஆரம்பத்தில் எனக்கு உள்ளூரப் பயம்.

அந்த இலையுதிர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் குடியை விடவென்று வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். ஜேர்மன் மொழியான டொச்சில் நடக்கும் ஜெபம் பாதிதான் விளங்கும், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். மாடு பார்ப்பது அவர் வேலை. தட்டைக் கழுவித் தரும்போது, "நல்லாயிருந்தது அக்கா" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மூடுபனி. ஜன்னலால் பார்த்தால் கொட்டில்கூடத் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. வீட்டுக்குப் பேசிவிட்டு அழுதுகொண்டு வெளியே போனதாக ஒருவர் சொன்னார். இல்லப் பொறுப்பாளரான போதகரின் முகம் வெளுத்துவிட்டது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தேடக் கிளம்பினார்கள். தமிழ்க்குரல் கேட்டால் திரும்புவார் என்று நானும் ஓடினேன்.

"தம்பி! தம்பி!" என்று கத்திக்கொண்டே போனேன். எங்கோ கீழே ஆறு இரையும் சத்தம் மட்டும் வரவர நெருங்கியது. கையில் ஒரு மரவேலி தட்டுப்பட்டது. அதற்கு அந்தப் பக்கம், பள்ளத்தின் விளிம்பில், ஈரப் புல்லில் அவர் குந்தியிருந்தார்.

"கிட்ட வராதேங்கோ அக்கா."

நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"என்ன நடந்தது தம்பி?"

"மகள் என்னோட கதைக்கமாட்டாளாம். தனக்கு அப்பா எண்டு ஒராள் இல்லையாம்."

ஆறுதல் சொல்ல நினைத்தேன். ஆனால் ஒரு சொல் பிழைத்தாலும் பள்ளத்தில் குதித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. யாரையாவது கூட்டி வரலாமென்று திரும்பினால், வந்த வழியே தெரியவில்லை. எந்தப் பக்கம் இல்லம், எந்தப் பக்கம் பள்ளம்? வேலியிலிருந்து கையை எடுக்கவே முடியவில்லை. அப்படியே அழுதுவிட்டேன்.

"தம்பி, எனக்கு வழி தெரியேல்லை. எதால வந்தனெண்டே விளங்கேல்லை. என்னைத் தனிய விட்டிடாதேங்கோ."

அவரை மடக்குவதற்காகச் சொன்னதல்ல. உண்மையாகவே பயந்துபோயிருந்தேன்.

அவர் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அழாதேங்கோ அக்கா" என்று வேலியைப் பிடித்து எழும்பினார். ஒரு கால் சறுக்கியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது வேலியைத் தாண்டி எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ரை ஜக்கெற்றைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. இது மாடு போற பாதை. எனக்குத் தெரியும்."

அந்த ஜக்கெற்றை நான் விட்டது இல்லத்து வாசலில்தான். போதகர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். கொஞ்சக் காலம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, மறுபடி இல்லத்துக்கே வந்து, முழுக்காலமும் இருந்து முடித்தார்.

இப்போது ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். குடிப்பதில்லை. மகள் இன்னும் நேரில் வந்து பார்க்கவில்லை, தொலைபேசியில் மட்டும் இரண்டொரு வார்த்தை பேசுகிறாளாம்.

மூடுபனி இறங்கும் நாட்களில் எனக்கு இன்றும் பயம் வரும். ஆனாலும், பயத்தை மறைக்காமல் ஒருவரிடம் உதவி கேட்பது சிலவேளை அவரையே தூக்கி நிறுத்திவிடும் என்று அன்று கண்ணால் கண்டதை நான் மறக்கவில்லை.