கன்னத்தில் தங்காத மாத்திரை

அம்மா இறந்த நான்காவது மாதம், அப்பாவை டி. கல்லுப்பட்டியிலிருந்து வில்லாபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். அவர் தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மேசைக்கு வந்த எந்தக் காகிதத்துக்கும் முடியாது என்று அவர் சொன்னதே இல்லை. ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்பார். அதைக் கேட்டவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்டவர் எங்கள் வீட்டில் அணைத்து வைத்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அரை இட்லி சாப்பிட்டார். பேப்பரை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார்.

சிம்மக்கல்லில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். பெயர்ப்பலகையில் ‘மன’ என்ற எழுத்துகளைப் பார்த்ததுமே அப்பா துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? சொந்தக்காரர்கள் கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லிவிடலாம் என ஆட்டோவிலேயே முடிவு செய்தோம். அப்படியே சொன்னோம். அந்தச் சத்து மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று இரண்டு சித்திகள் போனில் கேட்டார்கள்.

தினமும் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் நான்தான் கொடுப்பேன். அப்பா மறுப்பே சொல்லமாட்டார். தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்துவிட்டு “ஆச்சு தாயி” என்பார். பிறகு வாஷ்பேசினுக்குப் போய் வாய் கொப்பளிப்பார். நான் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் கையெழுத்தைப் பிள்ளைகளே போட்டுக் கொண்டுவரும் லீவ் லெட்டரை மூன்றடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குப் பெயர். அந்த நான் அப்பாவின் ஒழுங்கைப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

ஒரு மாதமாகியும் அரை இட்லி முக்கால் இட்லியாகவில்லை. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதற்கும் பலனில்லை. ஒரே ஒரு முன்னேற்றம் மட்டும் தெரிந்தது. மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து நாள்காட்டித் தாளை அப்பாவே தவறாமல் கிழித்துவந்தார். நாள் கிழமையில் அவருக்கு அக்கறை வந்துவிட்டது என்று மருத்துவரிடம் பெருமையாகச் சொன்னேன். நல்ல அறிகுறி என்று அவரும் எழுதிக்கொண்டார்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடித் திருகு கழன்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு திருகு கிடைக்குமா என்று என் கணவர் பழைய கண்ணாடிக்கூடு ஒன்றைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொரு மாத்திரையும் அன்றன்றைய தேதித்தாளில் மடிக்கப்பட்டு, தேதி வெளியே தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை. கணவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, தன் ஆபீஸில் இப்படி ஃபைல் வைக்க ஒரு ஆள்கூட இல்லை என்று வருத்தப்பட்டார்.

அப்பாவிடம் சொல்லாமல் நான் மட்டும் மருத்துவரைப் பார்த்தேன். அதே மருந்து வாயில் வைத்ததும் கரைகிற மாத்திரையாகவும் வருகிறது, தண்ணீரே வேண்டாம் என்றார். கரைகிற விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கும்படியும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் சிம்மக்கல்லிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வழக்கம்போல மாத்திரையை வாயில் போட்டதும் அப்பா அதைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். அண்ணாந்தார், தண்ணீர் குடித்தார், “ஆச்சு தாயி” என்றார். வாஷ்பேசினுக்குப் போனவர் திரும்பிவர நேரமாயிற்று. எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்துக்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். மாத்திரை காணாமல்போனதை யாரிடமும் புகார் செய்ய முடியாத நிலைமை. என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இனிப்பாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்தார். அங்கே இன்னும் சீக்கிரம் கரைந்தது. அதற்கடுத்த நாள் கையிலேயே மறைக்கப் பார்த்தார். கை ஈரமாக இருந்ததால் உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பசையானது. அப்பா துண்டை எடுக்க, என் கணவர் தடுத்து, “துடைக்காதீங்க மாமா, நக்கிருங்க” என்றார். அப்பா மருமகனை முறைத்துக்கொண்டே நக்கினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், புளிக்குழம்பில் உப்பு இல்லை என்றார். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து குறைகள் பெருகின. மாநகராட்சித் தண்ணீர் கலங்கி வருகிறது. டவுன் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நிற்கிறது. மாப்பிள்ளை செருப்பைக் குறுக்கே போடுகிறார். அப்பா திட்டத் திட்ட எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவர் வேண்டுமென்றே செருப்பைக் குறுக்கே போட்டார்.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது அப்பா முகத்தை மறைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினார். ‘பொருள்: வாயில் கரையும் மாத்திரையை ரத்து செய்து, விழுங்கும் மாத்திரை வழங்கக் கோருதல்.’ அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘மேற்படி மாத்திரை, உட்கொள்பவர் ஆட்சேபணை தெரிவிக்கப் போதிய அவகாசம் அளிப்பதில்லை.’

மருத்துவர் சிரிக்காமல் முழுதும் படித்தார். கரையும் என்று மகள் சொல்லவில்லையா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“மாத்திரை வேணாம்னு சொல்லல சார்,” என்றார் அப்பா. “எனக்குத் தெரியாம உள்ள போகுது. அதான் ஒப்பல.”

அப்படியானால் முன்பு ஏன் ஒளித்துவைத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அப்பா மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இதத் தின்னா எல்லாம் மறந்து சந்தோசமா இருக்கலாம்னு சொன்னாக. அவளையும் மறந்துருவேனோன்னு பயந்துட்டேன்.”

அதைச் சொன்னது நான்தான். தைரியம் கொடுப்பதாக நினைத்துச் சொன்னேன். இந்த மருந்து யாரையும் மறக்கடிக்காது, சாப்பிடவும் தூங்கவும் விடும், அவ்வளவுதான் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பிறகு மனுவின் ஓரத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனு கொடுத்த அன்றே உத்தரவு கிடைத்தது அப்பாவுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

படியிறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். அதை எழுத்து மூலமாகக் கொடுக்கச் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விழுங்கும் மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். பல மாதங்கள் கழித்து மருத்துவர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். அப்பா டி. கல்லுப்பட்டிக்குத் திரும்பிப்போய்த் தானே சமைக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது என்ன சமையல் என்று கேட்டேன்.

“கருவாட்டுக் கொழம்பு. வாயில வைக்க வெளங்கல. ஒங்க அம்மா இருந்திருந்தா எம்புட்டு ஏசியிருப்பா தெரியுமா?” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டார்.