அக்கா சேமித்து வைத்த இரத்தம்

கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய மகனுக்கு ஒரே குதூகலம். பேத்தி பிறந்த கையோடு தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களை ஒரு கம்பனியில் உறைய வைத்துவிட்டார்களாம். நாளைக்குப் பெரிய வருத்தம் ஏதும் வந்தால் அவளுடைய செல்லே அவளுக்கு மருந்தாகுமாம்.

"வேறை ஆருக்கும் அவசரமெண்டால் குடுப்பினமோ?" என்று கேட்டேன்.

"என்னம்மா விசர்க்கதை? அது எங்கடை பிள்ளைக்கு மட்டுந்தான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஏதோ சாட்டுச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவன்மேல் பிழையில்லை. தான் பிறந்த அன்று நடந்ததை நான் அவனுக்குச் சொன்னதேயில்லை.

அது தொண்ணூற்றுநாலாம் ஆண்டு. நாங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருந்தோம். என் கணவர் கடற்றொழில் செய்பவர். பிள்ளை நல்லபடி பிறந்துவிட்டான், ஆனால் எனக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. என் இரத்தம் ஓ நெகட்டிவ். குணத்தில்தான் ஒருவரோடும் ஒத்துப்போகாதவள் என்றால், இரத்தமும் அப்படியே வாய்த்திருந்தது. என் அண்ணன்மாரும் கணவரின் தம்பிமாரும் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை.

ஆஸ்பத்திரிக் குளிர்சாதனப் பெட்டியில் அந்த வகையில் ஒரேயொரு பை இருந்தது. அது கோண்டாவில் பக்கத்து அக்கா ஒருவருடையது. அவருடைய கணவர் புகையிலைத் தோட்டக்காரர். அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அவருடையதும் என்னுடைய வகைதான், கிடைப்பது அருமை. அதனால் டொக்டர் அவருடைய இரத்தத்தையே முன்கூட்டி எடுத்து, அவருடைய ஒப்பரேஷனுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். சண்டையால் கரண்ட் இல்லாத காலம். ஜெனரேட்டருக்கு எண்ணெய் தேடித் தேடித்தான் அந்தப் பை பழுதாகாமல் இருந்தது.

விடிந்தால் அவருக்கு ஒப்பரேஷன். டொக்டர் அவருடைய கட்டிலடியில் போய் நின்று கேட்டாராம். "எனக்கு நாளைக்கு இல்லாட்டி வாற மாசம். அந்தப் பிள்ளைக்கு இண்டைக்குத்தானே, குடுங்கோ" என்றாராம் அக்கா. எனக்கு நினைவில்லை, நேர்ஸ் பிறகு சொன்னது. நான் கண் திறந்தபோது அந்தப் பை பாதிக்குமேல் என்னுள் இறங்கியிருந்தது.

வாற மாதம் என்றது வரவில்லை. கட்டியால் அக்காவுக்கு இரத்தம் போய்க்கொண்டேயிருந்தது. அவரிடமிருந்து இன்னொரு பை எடுக்க முடியாது என்று டொக்டர் கையை விரித்தார். இரத்தம் கையில் இல்லாமல் வெட்டவும் மாட்டேன் என்றார். அந்த வகை இரத்தமுள்ளவர் என்று டொக்டருக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிள்ளை பெற்ற உடம்பு தேறட்டும், பிறகு நீங்களே ஒரு பை கொடுக்கலாம் என்று என்னிடம் சொன்னார். "மீன் நல்லாய்ச் சாப்பிடுங்கோ. நீங்கள் தேறினால்தான் அவ தப்புவா."

மீனவன் பெண்சாதிக்கு மீன் சாப்பிடச் சொல்லித்தர வேணுமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் மீன் எங்கே இருந்தது? தூரக் கடலுக்குப் போகத் தடை. கணவர் கரையோரப் பரவைக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிவார், ஒரு காதை ஷெல் சத்தத்துக்கு விட்டுவிட்டு. திரளி, ஓட்டி என்று ஒரு கைப்பிடி அகப்படும். அதில் நல்லதையெல்லாம் ஓலை உமலில் போட்டுச் சைக்கிளில் கோண்டாவிலுக்குக் கொண்டுபோவார். இரத்தம் தந்த மனுசிக்கு இரத்தம் ஊற வேண்டாமா என்பது எங்கள் கணக்கு. டொக்டர் எனக்குச் சொன்னதை நாங்கள் அக்காவுக்குச் செய்தோம். நன்றி மறந்தவர்கள் என்ற பேர் வந்துவிடக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

"வெள்ளிக்கிழமையிலை மட்டும் கொண்டுபோகாதேங்கோ. கோயில் கும்பிடுற சைவச் சனம், அண்டைக்கு மீன் மச்சம் சாப்பிடாயினம்" என்று நான் சொல்வேன்.

"உது எனக்குத் தெரியாதோ? கந்தசட்டிக்கும் போறேல்லை" என்பார் அவர் பெருமையாக.

அக்கா ஒருநாளும் வேண்டாம் என்றதில்லையாம். இரண்டு கையாலும் வாங்குவாராம். உமல் வெறுமையாகத் திரும்பியதும் இல்லை. வெங்காயம், முருங்கைக்காய், மரவள்ளி என்று நிறைந்து வரும். அதைத்தான் நாங்கள் சாப்பிட்டோம். நான் மூன்று தடவை இரத்தம் கொடுக்கப் போனேன். மூன்று தடவையும் டொக்டர் என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "உங்களுக்கே இரத்தம் காணாது. மீன் சாப்பிடுறனீங்களோ?" ஓம் என்றேன். கவிச்சி நாறும் கையோடு இல்லையென்று சொல்ல வெட்கமாக இருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதியே மழைக்குள் எழுந்து நடந்தது. நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். பக்கத்து வகுப்பறையில் அக்கா படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கணவரைக் கொடிகாமச் சந்தைக்குத் துரத்தினேன். அலைந்து திரிந்து இரண்டு மீன் கொண்டுவந்தார். மூன்று கல்லு வைத்துக் குழம்பு காய்ச்சிக் கொண்டு ஓடினேன். அவரை நான் நேரில் கண்டது அப்போதுதான், கடைசியும் அதுதான். தை பிறக்க முன்னர் கொடிகாமத்தில் ஓர் உறவினர் வீட்டில் அவர் இறந்துபோனார்.

அன்று அவர் முகம் வெள்ளைச் சீலை நிறத்தில் இருந்தது. கோப்பையை நீட்டினேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை. பக்கத்தில் அவர் கணவர் தலையைக் குனிந்தார். வீடு வாசல் போன பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அக்காவே சொன்னார்.

"பிள்ளை, குறை நினையாதை. நாங்கள் பிறந்ததிலை இருந்து மச்சம் தொடுறேல்லை."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப இவ்வளவு நாளும் தந்த மீன், அக்கா?"

"வாழையடியிலை கிடங்கு வெட்டித் தாட்டது. வேண்டாம் எண்டு சொன்னால், உங்கடை கையாலை வாங்க மனமில்லை எண்டு நினைச்சுப்போடுவியள் எண்டு பயந்தன். உங்கடை ஆக்களை எங்கடை சனம் எப்பிடி நடத்தினது எண்டு எனக்குத் தெரியாதோ?"

வாழையடியில் தாட்டது. வெயிலில் நின்று என் மனுசன் பிடித்தது, நான் வாயில் வைக்காமல் பொறுக்கி எடுத்துக் கட்டிக் கொடுத்தது. அதில் பாதியை நான் தின்றிருந்தால் அந்த டொக்டர் தலையை வேறு மாதிரி ஆட்டியிருப்பார். எனக்கு மரியாதை கொடுக்க அவர் வாங்கினார். அவருக்கு மரியாதை கொடுக்க நான் மீன் தின்னாமல் கிடந்தேன். அந்த மரியாதைதான் அவரைத் தின்றது. எனக்குக் கத்தி அழவேண்டும் போலிருந்தது.

அக்கா என் முகத்தையே பார்த்தார். ஏதோ அவருக்கும் விளங்கத் தொடங்கிவிட்டது. என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கும் வைச்சுப்போட்டுத்தானே பிள்ளை தந்தனீங்கள்?"

"ஓம் அக்கா, வேண்டியளவு சாப்பிட்டனான்" என்றேன்.